புளித்தண்ணீர்த் தீர்ப்பு

உங்கள் வீட்டு வெள்ளி விளக்கு ஒருநாள் காலையில் கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? காற்றையா, தண்ணீரையா, விளக்கு விற்ற கடைக்காரரையா? பொய் சொல்ல வேண்டாம். மாடியில் குடியிருப்பவளைத்தான் சந்தேகப்படுவீர்கள். அவள் தனியாக இருப்பவளாகவும் உங்கள் சாதி இல்லாதவளாகவும் இருந்துவிட்டால் சந்தேகம்கூடப் பட மாட்டீர்கள். நேரே தீர்ப்புக்குப் போய்விடுவீர்கள்.

கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்சம் முன்னால். பாதாள ரயிலுக்காக நகரத்தின் வயிற்றைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். போன மின்சாரம் திரும்பி வந்தால் தெருவே கூச்சல் போட்டு வரவேற்றது.

மாடியில் குடியிருந்தவள் பூங்கோதை. அப்பா வீரபாண்டியன் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஹவுரா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக உழைத்தவர். பூங்கோதை பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் ஹவுராவில். வங்காளியில் கணக்குப் போடுவாள், தமிழில் திட்டுவாள், இங்கிலீஷில் கட்டுரை எழுதுவாள். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, தென் கல்கத்தாவில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பா ஓய்வு பெற்றதும் ரயில்வே குவார்ட்டர்ஸ் போய்விட்டது. அம்மாவும் அப்பாவும் ஊருக்குத் திரும்பினார்கள். கூடவே வந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்றார்கள். “பொடி ஒண்ணு அடுப்பில இருக்கு, அது இறங்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் கல்கத்தாவிலேயே இருந்துகொண்டாள். முப்பது வயதைத் தாண்டியும் அந்தப் பொடி இறங்கியபாடில்லை.

அந்தப் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரியும், புகை விடாது, எரிந்த பிறகு மறுபடி தண்ணீராகிவிடும். இதைவிட நல்ல எரிபொருளை யாரும் கேட்க முடியாது. ஆனால் அதைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க மின்சாரம் வேண்டும், கல்கத்தாவில் மின்சாரத்துக்கு எங்கே போவது? வெயில் இருக்கிறது. காட்மியம் சல்ஃபைடு என்று ஒரு மஞ்சள் பொடி, கிட்டத்தட்ட சமையல் மஞ்சள் நிறம். அதைத் தண்ணீரில் கலக்கி வெயிலில் வைத்தால், பொடி வெயிலை விழுங்கி ஹைட்ரஜனைக் குமிழ் குமிழாக வெளியே தள்ளும். இப்படிப்பட்ட பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். வேலையை நடத்தித் தரும், தான் மட்டும் மாறாமல் இருக்கும் என்பது இலக்கணம்.

இந்தப் பொடிக்கு அந்த இலக்கணம் தெரியாது. எந்த வெயில் அதற்கு வேலை கொடுத்ததோ அந்த வெயிலே அதைத் தின்றது. காலையில் மஞ்சளாகப் போனது சாயங்காலம் பாதி கரைந்துபோயிருக்கும். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. சோடியம் சல்ஃபைடு என்ற உப்பைத் தண்ணீரில் சேர்த்துவிட்டால், வெயிலின் பசி முதலில் அந்த உப்பின்மேல் பாயும். பொடி தப்பிக்கும். ஆய்வுக்கூடத்தில் அந்த உப்புக்குப் ‘பலி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். பலி தீரும் வரைக்கும் பொடிக்கு ஆயுசு. கஷ்டம் என்னவென்றால், அந்த உப்பு அழுகின முட்டை மாதிரி நாறும்.

பூங்கோதை பிடித்துக்கொண்ட வேலை இதுதான்: பொடியின் ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிசாக ஒரு தோல் போர்த்தி, பலி அதிகம் கேட்காமலே வெயிலைத் தாங்க வைப்பது. ஆரம்பத்தில் ஒரு பகல் தாங்கியது. பிறகு ஒரு வாரம். அந்தக் கார்த்திகையில் ஒரு மாதத்தை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய விளக்கு ஒன்று நிலையத்தில் இருந்தது. மின்சாரம் இல்லாததால் அது பெரும்பாலும் கோட் மாட்டுகிற கம்பமாகப் பயன்பட்டது. அதனால் சோதனை முழுவதும் மொட்டைமாடி வெயிலில். ஆண்கள் வெயில் ஆகாது என்று கீழே டீ குடித்தார்கள். பூங்கோதை கண்ணாடித் தொட்டியோடு மேலே நின்றாள். அந்த உப்புத் தண்ணீர் சேலையில் தெறிக்கும், வேர்வை பட்டதும் நாறத் தொடங்கும். டிராமில் அவள் ஏறினால் உட்கார இடம் தானாகக் கிடைத்தது.

வீட்டுக்காரர் பட்டாபிராமன், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாடி அறை ஒழுகும். அதனால் யாரும் வராமல் கிடந்தது. பூங்கோதை கேட்டு வந்தபோது ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று சுற்றி வளைத்தார்.

“சாதியைத்தானே கேக்கறீங்க சார்? நேராவே கேளுங்க, சொல்றேன்” என்றாள் அவள்.

“சேச்சே, நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லை” என்றார் பட்டாபிராமன். பிறகு, பார்க்காதவர் போடுகிற நிபந்தனையைப் போட்டார். வீட்டுக்குள் மீன், மாமிசம், முட்டை கூடாது.

பூங்கோதை ஒப்புக்கொண்டாள். மத்தியானம் நிலையத்து கேன்டீனில் மீன்குழம்பு சாப்பிட்டாள், ராத்திரி அறையில் தயிர்சாதம். முட்டை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அந்த வீட்டுப் படியேறி ஒரு முட்டை வந்ததில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் சாயங்காலம் வந்ததும் பூங்கோதை வேலைச் சேலையை முற்றத்துக் குழாயடியில் அலசுவாள். அலசிய தண்ணீர் ஓரத்துச் சாக்கடையில் விழும். அந்தச் சாக்கடைக்கு நேர் மேலே பூஜை அறை ஜன்னல். உள்ளே பட்டாபிராமன் மனைவி ஜலஜாவின் வெள்ளிச் சாமான்கள். கந்தகக் காற்று பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மெல்ல ஒரு பழுப்பு ஏறியது. கார்த்திகை நெருங்குகிறதே என்று ஜலஜா வெள்ளியை எடுத்துப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். தேய்த்த புளித்தண்ணீரை ஜன்னலுக்குக் கீழே அதே சாக்கடையில் ஊற்றினாள்.

இங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. சல்ஃபைடு கிடக்கிற இடத்தில் புளிப்பை ஊற்றினால் அதில் அடங்கியிருந்த நாற்றமெல்லாம் குபீரென்று கிளம்பும். கிளம்பி ஜன்னல் வழியாகப் பூஜை அறைக்குள் போனது. மறுநாள் காலை வெள்ளி விளக்கு கறுப்பு. ஜலஜா இன்னும் நிறையப் புளி போட்டுத் தேய்த்தாள். இன்னும் நாறியது, இன்னும் கறுத்தது. திருஷ்டி என்று சந்தேகப்பட்டு நாலு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிச் சாக்கடை வாயில் பிழிந்து வைத்தாள். எலுமிச்சை புளியைவிட நன்றாக வேலை செய்தது. பக்கத்து வீட்டு வங்காளிக் கிழவர் வாந்தி எடுத்தார். புரோகிதர் வந்து, தோஷம் ஆழமாக இருக்கிறது, மோர் விடுங்கள் என்றார். மோரும் புளித்த மோர்.

அந்த வீட்டில் சுத்தம் செய்யச் செய்ய நாற்றம் ஏறியது. நாற்றம் ஏற ஏறச் சுத்தம் செய்தார்கள். யாரும் நிறுத்தி ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

“முட்டை நாத்தம்னா இது” என்றாள் ஜலஜா. “நான் அன்னிக்கே சொன்னேன், இந்த மாதிரி மனுஷாளை ஆத்துல வைக்கப்படாதுன்னு.”

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. தீர்ப்புச் சொல்ல வந்தவர் ராஜாராமன். அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல், அந்த வட்டாரத்துத் தமிழர் சங்கத்துக்குச் செயலாளர். கோர்ட்டில் அவருக்கு வாய்தா வாங்குவதைத் தவிர வேறு வேலை கிடைத்ததில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீதிபதியாக இருந்தார். கூடத்தில் சங்கத்துக்காரர்கள் சூழ ஒரு மணைப்பலகை. அதன்மேல் கறுத்த விளக்கு.

“இந்த விளக்கை அடையாளம் தெரியறதா?”

“தெரியுது. மாமி வீட்டு விளக்கு” என்றாள் பூங்கோதை.

“ஏன் கறுத்திருக்கு?”

“கந்தகக் காத்து பட்டிருக்கு. என் ஆராய்ச்சி உப்புல இருந்து வருது. சேலையில ஒட்டி வந்து சாக்கடையில சேருது. மாமி புளித்தண்ணி ஊத்தும்போது கிளம்புது.”

“முட்டை பட்டா வெள்ளி கறுக்குமோ?”

“கறுக்கும். அதுலயும் கந்தகம் இருக்கு.”

ராஜாராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பாத்தேளா பட்டாபி? வாயாலயே வந்துடுத்து.”

“என்ன வந்துச்சு? மழை பெஞ்சாலும் தரை நனையும், குழாயைத் தொறந்துவிட்டாலும் நனையும். ஈரத் தரையைக் காட்டி மழை பெஞ்சுதுன்னு சொல்லுவீங்களா?”

“அதெல்லாம் இருக்கட்டும். குழாயைத் தொறந்தது யாரு? நீங்கதானே?”

“மாமி, நீங்க சொல்லுங்க” என்று பூங்கோதை ஜலஜா பக்கம் திரும்பினாள். “பிறந்ததுல இருந்து முட்டையைத் தொட்டதில்லைன்னு சொல்லுவீங்க. அப்ப இது முட்டை நாத்தம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

ஜலஜா கணவனைப் பார்த்தாள். கணவர் விட்டத்தைப் பார்த்தார்.

“டிராம்ல வரச்சே பக்கத்துல யாராவது...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார் பட்டாபிராமன்.

“சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றதுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை” என்றார் ராஜாராமன்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நான் செய்யற வேலையே இந்த உப்பைக் குறைக்கறதுதான். பொடி தானா வெயிலைத் தாங்கிட்டா உப்பு ரொம்ப வேண்டாம். இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள நாத்தம் பாதிக்கு மேல போயிடும். அதுவரைக்கும் பொறுங்க, நான் சேலையை நிலையத்திலேயே அலசிட்டு வந்துடறேன். இப்ப அறையைப் பிடுங்கினா வேலை நின்னுபோகும். தனியா இருக்கிற பொம்பளைக்கு இந்த ஊர்ல அறை யார் தருவா?”

“குறைச்சுக்கறேன்னு சொல்றது ஒப்புதல் வாக்குமூலம்” என்றார் ராஜாராமன்.

பூங்கோதைக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்கு ஒரு மூடநம்பிக்கை இருந்தது. கண்ணால் கண்டால் மனிதர்கள் நம்பிவிடுவார்கள் என்ற மூடநம்பிக்கை. சேலை அலசிய தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்து கூடத்து நடுவில் வைத்தாள். ஜலஜா கையால் கரைத்த புளித்தண்ணீரையே ஒரு செம்பில் வாங்கினாள்.

“நல்லா பாத்துக்கங்க. இதுல முட்டை இருக்கா? இல்லை. இதுல இருக்கா? இல்லை. இப்ப ஊத்தறேன்.”

ஊற்றினாள். கூடத்தில் இருந்தவர்கள் அங்கவஸ்திரத்தை மூக்கில் திணித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ராஜாராமன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நாற்றம் அடங்கிய பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பூங்கோதை இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளைப் பொறுத்தவரையில் வழக்கு முடிந்துவிட்டது.

ஜலஜா செம்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “புளி காட்டிக் குடுத்துடுத்து! உள்ள இருக்கிற பாவத்தை அப்படியே வெளில இழுத்துண்டு வந்துடுத்து!”

“புளி பொய் சொல்லாது” என்றார் ராஜாராமன். “மாசக் கடைசிக்குள்ள அறையைக் காலி பண்ணணும்.”

இதோடு நின்றிருந்தால்கூடச் சாதாரண அநியாயம் என்று விட்டுவிடலாம். ராஜாராமன் நிறுத்துகிற ஆள் இல்லை. புளிக்கு இப்படி ஒரு சக்தி இருப்பது தெரிந்த பிறகு மற்றக் குடித்தனக்காரர்களைச் சோதிக்காமல் விடுவது பாரபட்சம் என்று சங்கம் முடிவு செய்தது. பாரபட்சம் கூடாது என்பதில் அவர்கள் ரொம்பக் கண்டிப்பு. மறுநாளிலிருந்து பித்தளைச் செம்பும் புளித்தண்ணீருமாகத் தெருத்தெருவாகக் கிளம்பினார்கள். ஒவ்வொரு தமிழ் வீட்டுச் சாக்கடையிலும் ஊற்றிவிட்டு, குனிந்து முகர்ந்து, தலையாட்டினார்கள். முகர்வதற்கு என்றே மூக்கு நல்ல இரண்டு பேர் நியமிக்கப்பட்டார்கள்.

எல்லோரும் தேறினார்கள். தேறாமல் என்ன செய்வார்கள், யார் வீட்டிலும் சோடியம் சல்ஃபைடு இல்லையே. வங்கிப் பையன்கள் தங்கியிருந்த விடுதியில் கட்டிலுக்கு அடியில் முட்டை ஓடு குவிந்து கிடந்தது. அதுவும் தேறியது. அங்கே தங்கியிருந்த வெங்கடராமன் என்ற குமாஸ்தா தினமும் காலையில் இரண்டு ஆம்லெட், ராத்திரி ராஷ்பிகாரி முனையில் ஒரு முட்டை ரோல் சாப்பிடுகிறவன். அவனுக்குச் ‘சுத்தமான இடம்’ என்று ராஜாராமன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு சாக்கடை மட்டும் நாறியது. ராஜாராமன் வீட்டுச் சாக்கடை. கல்கத்தாவின் பழைய சாக்கடைகளில் கந்தகம் தானாகவே ஊறிக் கிடக்கும். யார் வீட்டில் வேண்டுமானாலும் அது நடக்கலாம். முகர்கிறவர்கள் முகர்ந்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜாராமன் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை.

“பாதாள ரயில் தோண்டறான் இல்லியா, அதனால” என்றார். செம்பு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

அவருக்குப் பாதாள ரயில் காரணமாகலாம். பூங்கோதைக்கு வேதியியல் காரணமாகக் கூடாது. ஒரே நாற்றம், ஒரே புளி, இரண்டு நியாயம்! இந்த நாட்டில் சாதி என்ன வேலை செய்கிறது என்று யாராவது அப்பாவியாகக் கேட்டால் இந்த இரண்டு சாக்கடைகளையும் காட்டுங்கள்.

வெங்கடராமன் பூங்கோதையை லேக் மார்க்கெட் காய்கறிக் கடையில் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் நடந்ததைச் சொன்னான்.

“நான் பாஸ் அக்கா! முகர்ந்துட்டு, கோயில் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க!”

“நல்லாப் போச்சு. நீ வந்து அதை அவங்ககிட்டச் சொல்லு. நான் தினமும் முட்டை திங்கறேன், உங்க புளி என்னைப் பிடிக்கலைன்னு சொல்லு. சோதனையே பொய்யின்னு ஆயிடும். எனக்கு அறை மிஞ்சும்.”

வெங்கடராமனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எனக்கு ரூம் போயிடுமே அக்கா.”

“எனக்குப் போகுதே?”

“உங்களுக்கு எப்படியும் போயிடுச்சு இல்லியா” என்றான். கெட்டவன் இல்லை. மனசார வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னான்.

கடைசியாகப் பூங்கோதை தன் பேராசிரியர் ஹிமாங்ஷு சான்யாலிடம் போனாள். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் பட்டாபிராமன் கேட்பார் என்று நம்பினாள். பட்டாபிராமனுக்கு வங்காளி பிராமணர்கள்மேல் மதிப்பு அதிகம். அவர்கள் மீன் சாப்பிடுவது அவருக்குத் தெரியும். “அவாளுக்கு அது ஜலபுஷ்பம்” என்பார்.

சான்யால் வந்தார். கடைவீதியிலிருந்து நேரே வந்ததால் கையில் ஒரு பை, பைக்குள் முழு ரோகு மீன், வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கே வைப்பது என்று தயங்கினார். பட்டாபிராமன் ஓடிவந்து இரண்டு விரலால் பையை வாங்கி வாசல் ஆணியில் மாட்டினார். ஜலஜா தோசை வார்த்தாள். புளி போட்டுத் தேய்த்த வெள்ளித் தட்டில் சான்யாலுக்குப் பரிமாறினாள். நடுவில் வாசல் பக்கம் பார்த்தவள் பதறிப்போனாள்.

“ஐயோ, பூனை எடுத்துண்டு போயிடப் போறது!” என்று சொல்லிப் பையைத் தானே எடுத்துவந்து கூடத்துக்குள், சான்யால் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு வாழையிலை விரித்து வைத்தாள்.

பூங்கோதை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வராத முட்டைக்கு அவளை வெளியே போகச் சொன்ன வீடு. வந்த மீனுக்கு இலை போட்டுக் காவல் இருந்தது.

பட்டாபிராமன் இங்கிலீஷில் விஷயத்தை எடுத்துச் சொன்னார். நாறாமல் இந்த ஆராய்ச்சியைச் செய்ய வழி இல்லையா? சான்யால் சட்னியைத் தொட்டுக்கொண்டு யோசித்தார். வழி இருக்கிறது என்றார். டைட்டானியம் ஆக்ஸைடு என்று ஒரு வெள்ளைப் பொடி. நாறாது. கரையாது. வெயிலில் வருஷக்கணக்கில் வைத்தாலும் அப்படியே இருக்கும். ஒரே குறை, வெயிலில் பெரும்பங்கு அதன் கண்ணிலேயே படாது. ஓரத்தில் கொஞ்சமாக வரும் புறஊதா ஒளிக்கு மட்டும்தான் அசைந்து கொடுக்கும். ஹைட்ரஜன் வருவது ரொம்பச் சொற்பம்.

“வெள்ளை!” என்று பட்டாபிராமன் முகம் மலர்ந்தார். “நாத்தம் இல்லை, அழிவு இல்லை. இதுன்னா பொடி!”

“வெள்ளையா இருக்கும், கெட்டுப்போகாது, வேலையும் பாதி நாள் செய்யாது” என்றாள் பூங்கோதை படியிலிருந்து. “சங்கத்துல உறுப்பினரா சேத்துக்கங்க சார்.”

சான்யாலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தொனி புரிந்தது. வங்காளியில் சமாதானமாகப் பேசினார். கோபப்படாதே பூங்கோதா, வீடு இருந்தால்தானே வேலை. நீ வெள்ளைப் பொடிக்கு மாறிக்கொள். மஞ்சளை நம் ஆய்வுக்கூடத்துப் பாலிகஞ்ச் பையனிடம் கொடுத்துவிடலாம். அவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது. அவன்மேல் அடிக்கிற நாற்றத்தை அவன் அம்மா விஞ்ஞான வாசனை என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

பட்டாபிராமன் அன்பாகச் சொன்னார். “அப்படி மாறிண்டா நீ தாராளமா இருக்கலாம்மா. எங்களுக்கு உன்மேல ஒண்ணும் இல்லை.”

ஒரு வினையூக்கி எவ்வளவு காலம் தாங்கும் என்பதைச் சூரியன் தீர்மானிக்கும், ரசாயனம் தீர்மானிக்கும் என்று பூங்கோதை அதுவரை நினைத்திருந்தாள். லேக் மார்க்கெட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே தீர்மானிப்பார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அறையை வைத்துக்கொண்டால் மஞ்சள் போகும். மஞ்சளை வைத்துக்கொண்டால் அறை போகும். நிலையத்து மொட்டைமாடியில் அவள் தோல் போர்த்திய பொடி அந்த நேரத்திலும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

“மஞ்சளை நான் விடலை சார்” என்றாள் சான்யாலிடம், வங்காளியில். பிறகு பட்டாபிராமன் பக்கம் திரும்பித் தமிழில், “அறையை நீங்களே வச்சுக்கங்க. ஒழுகற இடத்துல பாத்திரம் வைக்கணும், மறந்துடாதீங்க.”

தென் கல்கத்தா முழுக்க அலைந்தாள். கல்யாணமாகாதவளா, எந்த ஊர், என்ன ஆளுங்க. தமிழ் வீட்டில் தமிழில் கேட்டார்கள், வங்காளி வீட்டில் வங்காளியில் கேட்டார்கள். கடைசியில் ஆற்றைத் தாண்டி ஹவுராவுக்கே திரும்பினாள். இரும்பு வார்க்கிற பட்டறைகள் நிறைந்த சந்து. அங்கே கரியும் கந்தகமும் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருந்ததால் அவள்மேல் வந்த வாசனையை யாரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கார முனுசாமி, பட்டறையில் அச்சு வார்ப்பவர், கேட்டது ஒரே கேள்வி.

“குழாயில வெள்ளன தண்ணி வரும். எழுந்துருவியாம்மா?”

ஆனால் ஹவுராவிலிருந்து படகு, படகிலிருந்து டிராம், டிராமிலிருந்து நடை. நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் நல்ல காலை வெயில் போய்விடும். அந்த ஒரு மாற்றத்தால் சோதனை குளிர்காலத்தோடு முடியாமல் அடுத்த கோடை வரை இழுத்தது. பாலிகஞ்ச் பையன் நடுவில் இரண்டு தடவை பொடியைக் கேட்டுப் பார்த்தான். அவள் தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோடை வெயிலில் பொடி தாங்கியது. உப்பைப் பாதியாக்கினாள், தாங்கியது. அதிலும் பாதியாக்கினாள், தாங்கியது. ஒருநாள் டிராமில் ஏறியபோது யாரும் எழுந்து இடம் விடவில்லை. நின்றுகொண்டே போனாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் நின்றதில்லை. கட்டுரை வெளிவந்தபோது சான்யால் பெயர் முதலில் இருந்தது. பாலிகஞ்ச் பையன் பெயர் இரண்டாவது. அவள் மூன்றாவது.

அந்தக் கோடையில் லேக் மார்க்கெட்டில் மறுபடி வெங்கடராமனைப் பார்த்தாள். அவன் இப்போது விடுதியில் இல்லை என்றான். புளியில் தேறியவன் என்பதால் பட்டாபிராமன் கூப்பிட்டு மாடி அறையைக் கொடுத்திருந்தார். வாசலில் ஒரு பலகையும் தொங்கியது: ‘சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும். புளிச் சோதனை உண்டு.’

“ஆம்லெட்?” என்றாள் பூங்கோதை.

“ஸ்டவ்வுல போட்டுக்கறேன்” என்றான் வெங்கடராமன் தலையைக் குனிந்துகொண்டு. “ஊதுவத்தி ஏத்தி வச்சுடுவேன். மாமி, பக்தியான பையன்னு சொல்றாங்க.”

இதைப் படிக்கிறவர்களில் பட்டாபிராமன்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அவர்கள் இதையெல்லாம் படிப்பதில்லை. வெங்கடராமன்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மை தெரியும். உங்கள் அறைக்குள் என்ன சமைக்கிறீர்கள் என்று தெரியும், யாரை அதற்காக வெளியே அனுப்பினார்கள் என்றும் தெரியும். ஊதுவத்தியை அணையுங்கள். இப்போதே எழுந்து மாடியிலிருந்து இறங்கிப் போங்கள். வீட்டுக்காரர் கதவைத் தட்டி, அவர் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள்: “சார், நான் முட்டை சாப்பிடுகிறேன். போன குடித்தனக்காரியைத் திரும்பக் கூப்பிடுங்கள்.”